சிவப்பு மை செல்லாது

உரகாவா தமோத்சு அந்த உலகத்தில் வந்து விழுந்து, எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதற்குள் ஒன்பது ஓநாய்களைக் கொன்றுவிட்டான். அது குற்றம் என்று அவனுக்குத் தெரியாது.

நகோயாவில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. வயது முப்பத்தெட்டு. பதினோராவது மாடியில் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தான். லிஃப்ட் அங்கே இல்லை. விழும்போது பாதி வழியில் ஒரு பெண்குரல், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டது. "பிடிச்சுக்க ஏதாவது" என்றான். கையில் ஒரு வாள் வந்தது. அதற்குமேல் பேச நேரமில்லை, தரை வந்துவிட்டது.

தரை என்பது ஒரு பார்லி வயல். சுற்றிலும் ஓநாய்கள், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் வாள்பயிற்சிக்குப் போய், முட்டி வலிக்கிறது என்று நின்றுவிட்டவன் அவன். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வீசு வீசினான். திறந்து பார்த்தபோது ஓநாய்கள் பதினெட்டுத் துண்டுகளாகக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பைன் தோப்பும், அதற்கும் பின்னால் ஒரு வைக்கோல் கொட்டகையும் ஒரே மட்டத்தில் அரிந்து சரிந்திருந்தன. கொட்டகையிலிருந்து ஒரு விவசாயி தவழ்ந்து வெளியே வந்தான். முதலிலிருந்தே தவழ்ந்துகொண்டிருந்ததால்தான் பிழைத்தான்.

"சீட்டு இருக்கா?" என்று கேட்டான் விவசாயி.

"என்ன சீட்டு?"

"கொல்றதுக்கு."

இல்லை என்று தெரிந்ததும் விவசாயி அவன் காதைப் பிடித்து ஓல்மென் நகரத்துக்கு இழுத்துப் போனான். மலையைப் பிளக்கும் கை உள்ளவன், காது வலிக்க வலிக்க, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் போனான்.

ஓல்மென் வீரர் சங்கம் மூன்று மாடிக் கல் கட்டடம். வாசலுக்கு மேலே இரண்டு வாள்களைக் குறுக்காகச் செதுக்கியிருந்தார்கள். கல் வாள்களுக்கும் கயிறு சுற்றி அரக்கு முத்திரை வைத்திருந்தது. உள்ளே வரவேற்பு மேசையில் லினெத் என்ற பெண் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். சிரிப்பது பதினோராவது விதி.

"சங்கத்துக்கு அன்போட வரவேற்கிறோம். இதுக்கு முன்னால அனுமதியில்லாம எத்தனை உயிரக் கொன்னிருக்கீங்க?"

"ஒன்பது ஓநாய். இன்னிக்குக் காலையில."

"வெயில் வந்தப்புறமா, வர்றதுக்கு முன்னாலயா?"

அவள் பேசும் பாஷை எப்படிப் புரிகிறது என்று தமோத்சு யோசிக்கவில்லை. அங்கே வந்து விழுகிற எல்லோருக்கும் அது புரியும். பேசுவதன் அர்த்தம்தான் புரியாது.

சங்கத் தலைவர் ஹெல்முண்ட் வலது கண்ணின் மேல் கறுப்புத் தோலைக் கட்டியிருந்தார். இரண்டு கண்ணும் நல்ல கண்தான். தலைவர் பதவிக்கு ஒற்றைக்கண் வேண்டும் என்று சம்பிரதாயம் இருந்ததால் கட்டிக்கொள்வார். அரிப்பெடுத்தால் அடுத்த கண்ணுக்கு மாற்றுவார்.

"பலம்ங்கறது என்ன தம்பி?" என்றார் அவர். "பலம் இருக்கறவன்லாம் பலசாலி ஆயிடுவானா? யாரு பலசாலின்னு நாங்க எழுதிக் குடுக்கணும். எழுதலன்னா அது வெறும் உடம்பு வாகு. சளி பிடிச்ச மாதிரி."

தேர்வு நடந்தது. நூற்றிருபது வருஷப் பழைய வைக்கோல் பொம்மை ஒன்று முற்றத்தில் நின்றது. முழு பலத்தோடு அடிக்க வேண்டும், ஆனால் பொம்மையில் கீறல் விழக் கூடாது. மர வாளைக் கொடுத்தார்கள். தமோத்சு, பூனையைத் தடவுவதுபோல, பொம்மையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். பொம்மை போயிற்று. பின்சுவர் போயிற்று. சுவருக்குப் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தேர்வாளரின் இடது காது போயிற்று. ரத்தம் கழுத்தில் ஓட ஓட, அவர் குறிப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் மயங்கி விழுந்தார். 'கட்டுப்பாடு: இல்லை. பொம்மை: இல்லை.'

"வாழ்த்துகள்! நீங்க ஏழாந்தர வீரர்" என்றாள் லினெத்.

"மொத்தம் எத்தனை தரம் இருக்கு?"

"ஏழு."

ஏழாந்தரத்தான் மூலிகை பறிக்கலாம், எலி பிடிக்கலாம், சாக்கடை அள்ளலாம். வாளை உருவக் கூடாது. உறையையும் பிடியையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, முடிச்சில் கறுப்பு அரக்கு வைத்தார்கள். உருவ வேண்டிய அவசியம் வந்தால் மூன்றாந்தர வீரர் ஒருவரின் கைநாட்டோடு மனுக் கொடுத்து, முத்திரை வாங்கி, பிறகு உருவ வேண்டும்.

ஏழாந்தரத்தாருக்குச் சத்திரத்தில் இடம் கிடையாது. சங்கத்துக்குப் பின்னால், வீரர்கள் கொன்று கொண்டுவரும் மிருகங்களை அறுத்துக் கூறுபோடும் கொட்டகை ஒன்று இருந்தது. அதை நடத்தியவள் பிர்கா. ஐம்பது வயதுக்கு மேல், அகலமான தோள், வலது கையில் எப்போதும் ஒரு வெட்டுக்கத்தி.

"ஏறிப் படு தம்பி, பரண் காலியாத்தான் கெடக்கு" என்றாள். "ரத்த நாத்தம் நாலு நாள்ல பழகிடும். முன்னால இருக்குற கட்டடத்து நாத்தம்தான் முப்பது வருஷமா எனக்கே பழகல."

தமோத்சு எலி பிடித்தான். கம்பால் ஒரு தட்டு, எலி செத்தது, தெருச் சாக்கடை இரண்டாகப் பிளந்தது. அதன்பின் அவனை மூலிகைக்கு மட்டும் அனுப்பினார்கள். நான்கு பெண்கள் பறிப்பார்கள், அவன் கூடை தூக்குவான். அவர்களில் ஓடிலா என்பவள் வாயாடி. "மாப்ள, இந்தக் கூடையாவது ஒடையாம வந்து சேருமா?" என்று தினமும் கேட்பாள். காவலுக்குக் கார்வன் என்ற மூன்றாந்தர வீரன் குதிரையில் வருவான்.

மூன்றாம் வாரம் கொம்புக்கரடி வந்தது. முதலில் குதிரையின் வயிற்றைக் கிழித்தது. குடல் சரிந்து விழுவதற்குள் கார்வன் மரத்தில் ஏறிவிட்டான். கரடி ஓடிலாவின் காலைக் கவ்வி இழுத்தது.

"மேல இருக்கறவரே! கைநாட்டு!" என்று தமோத்சு மனுவை நீட்டிக்கொண்டு மரத்தடியில் கத்தினான்.

"மை கீழ பையில இருக்கு!" என்று மரம் கத்தியது.

பையின் மேல் குதிரை கிடந்தது. ஓடிலாவின் அலறல் கேட்டுத் தமோத்சு கயிற்றை அறுத்துக்கொண்டு வாளை உருவினான். கரடி மூக்கிலிருந்து வால்வரை நீளவாக்கில் இரண்டாயிற்று. ஒரு பாதி வலப்பக்கமும் ஒரு பாதி இடப்பக்கமும் விழ, நடுவில் ஓடிலா ரத்தத்தில் குளித்து உட்கார்ந்திருந்தாள். கால் இருந்தது. உயிரும் இருந்தது.

மறுநாள் விசாரணை. ஹெல்முண்ட் கண்மறைப்பை இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டு தீர்ப்பு வாசித்தார்.

"கொம்புக்கரடி மூணாந்தர மிருகம். மூணாந்தர மிருகத்த ஏழாந்தரத்தான் கொல்ல முடியாது. இது விதி. அதனால கரடி சாகல."

பிர்கா கையைத் தூக்கினாள். "தலைவரே, அந்தத் தோல நான் நேத்தே உரிச்சு உப்புப் போட்டுட்டேன்."

ஹெல்முண்டுக்கு உண்மையாகவே நெஞ்சு பதறியது. "உசுரோட இருக்கற ஜீவனோட தோலயா உரிச்சே?"

கொட்டகையில் கொக்கியில் தொங்கிய இரண்டு கரடிப் பாதிகளுக்கும் ஈட்டியோடு ஒரு காவலாளைப் போட்டார்கள், தப்பி ஓடிவிடக் கூடாதென்று. மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் காவலாள்தான் ஓடினான். தமோத்சுவின் வாளில் மறுபடி கயிறு சுற்றி அரக்கு வைத்தார்கள். மிருகவதைக்காகப் பிர்காவின் கத்திகளைப் பறிமுதல் செய்தார்கள். மூலிகைப் பெண்கள் நால்வருக்கும், தகுதியில்லாத கையால் உயிர் பெற்றுக்கொண்ட குற்றத்துக்கு, சதுக்கத்தில் ஆளுக்கு ஆறு சவுக்கடி.

சவுக்கு எருமைத் தோல். மூன்றாவது அடியில் ஓடிலாவின் முதுகுத் துணியும் தோலும் சேர்ந்து வந்தன. "அடுத்த தடவ கரடிகிட்டயே குடுத்துடறேன்டா உசுர!" என்று அவள் கத்தினாள். தமோத்சு லினெத்திடம் ஓடினான். "அந்த அடிய நான் வாங்கிக்கறேன். என்னை அடிக்கச் சொல்லுங்க."

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்றாள் லினெத் சிரித்தபடி. "ஆனா அடுத்தவங்க அடிய வாங்கிக்கறதுக்கு அஞ்சாந்தரமாவது இருக்கணும்."

இருபத்துநான்கு அடியையும் அவன் நின்று எண்ணினான். ஒவ்வொன்றும் தன் வாளால் விழுந்த அடி என்று அவனுக்குத் தோன்றியது. அன்று மாலை பிர்கா வைத்த பார்லிக் கஞ்சியை அவன் தொடவில்லை.

"இனிமே சீட்டு இல்லாம உருவமாட்டேன் அக்கா."

"லூசு மாதிரிப் பேசாத. உருவலன்னா அவ செத்திருப்பா."

"எங்க ஊர்ல லிஃப்ட்னு ஒண்ணு இருக்கு. மேல கீழ போற பெட்டி. அத அந்த மாடியிலயே பூட்டி நிறுத்தியாச்சுன்னு கதவுல சீட்டு தொங்குச்சு. முத்திரைகூட இருந்துச்சு. நம்பிக் கால வெச்சேன். பெட்டி இல்ல."

"அப்ப சீட்டுதான் உன்னக் கொன்னிருக்கு."

"சீட்டுல தப்பு ஒண்ணுமில்ல அக்கா. எல்லாக் கட்டமும் சரியா நெரப்பியிருந்துச்சு. பெட்டிதான் தப்பா நின்னுருந்துச்சு."

பிர்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்ன ஏழாந்தரத்துல வெச்சது தப்புதான்டா தம்பி. நீ தலைவராவே ஆகலாம்."

அறுவடை முடிந்த வாரம் ஒரு காலையில் வடக்கு மணி அடித்தது. மலைப்பூதங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றும் நாலாள் உயரம், கையில் வேரோடு பிடுங்கிய மரம்.

சங்கத்தின் ஒரே முதல்தர வீரன் ரூதர் புறப்பட்டான். முதல்தர மிருகம் எதுவும் வராததால் பதினோரு வருஷமாக வாளை உருவாதவன். இடைக்கச்சை எட்டாமல் இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். சண்டைக்கு முன் முதல்தர வீரன் தன் பத்தொன்பது பட்டங்களையும் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊதல். வாசலுக்கு வெளியே போய் நின்று, "பள்ளத்தாக்குப் புலி!" என்று ஆரம்பித்தான். ஊதினார்கள். "கோட்டைக் காவலன்!" ஊதினார்கள். ஏழாவது பட்டத்தில், முன்னால் நின்ற பூதம் அவனை இடுப்போடு பிடித்துத் தூக்கி, தலையைக் கடித்துத் துப்பியது. தலைக்கவசம் கசந்திருக்க வேண்டும். மீதியை விழுங்கியது. இன்னும் பன்னிரண்டு பட்டம் பாக்கி இருந்ததால் ஊதுகிறவன் ஊதிக்கொண்டே நின்றான். இரண்டாவது பூதம் அவனை மிதித்தது. எக்காளமும் அவனும் ஒரே தகடாக மண்ணில் கிடந்தார்கள்.

சங்கத்தின் மேல்மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. முதல்தரத்தான் தோற்றுவிட்டதால் பூதங்கள் முதல்தரத்துக்கும் மேல். முதல்தரத்துக்கு மேல் தரம் இல்லை. தரமில்லாத மிருகத்தோடு சண்டை போட முடியாது. எனவே முதலில் ஒரு தரம் உண்டாக்க வேண்டும். அதற்கு உச்சத் தரம் என்று பெயர் வைப்பதா, சூன்யத் தரம் என்று வைப்பதா என்று வாக்கெடுத்தார்கள்.

கீழே தமோத்சு மேசையருகே நின்றான். "நான் உருவணும். இப்பவே."

"கட்டாயம். மனுவுல மூணாந்தர வீரர் கைநாட்டு வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள் லினெத்.

"அவங்கள்லாம் மதில் மேல சண்டையில இருக்காங்க!"

"அப்ப ஒரே எடத்துல எல்லாரும் கெடைப்பாங்க, உங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

அவன் மதிலுக்கு ஓடினான். படிகளில் ரத்தம் வழிந்து கால் வழுக்கியது. பூதங்கள் எறியும் பாறைகள் மதிலின் மேல் விழும் இடமெல்லாம் ஆட்கள் நசுங்கினார்கள். ஒரு கை விளக்குத் தூணில் தொங்கியது, யாருடையது என்று தேட ஆள் இல்லை. கொதிக்கும் தார் அண்டாவைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தாள் ஓடிலா. முதுகுக் காயம் மறுபடி விட்டு, சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது.

"வந்துட்டியா மாப்ள! உருவு, உருவு!"

"கைநாட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடறேன்!"

அவள் அவனைப் பார்த்த பார்வை கரடியைப் பார்த்த பார்வை. பிறகு அண்டாவைக் கவிழ்க்கத் திரும்பிக்கொண்டாள்.

கார்வன் மதில் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இம்முறை அவன் எங்கும் ஏறவில்லை. பக்கத்தில் ஒரு பூதத்தின் மூன்று விரல்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. வயிறு திறந்திருந்தது, ஒரு கையால் உள்ளே இருப்பதைப் பொத்திப் பிடித்திருந்தான். மனுவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"மை இல்ல அண்ணே" என்றான். பொத்திய கையின் கட்டைவிரலை எடுத்து மனுவில் அழுத்தினான். "இது போதும்ல?" கையை எடுத்ததும் குடல் மடியில் வந்து விழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு செத்தான்.

தமோத்சு திரும்பி ஓடியபோது தார் அண்டா இருந்த இடத்தில் ஒரு பாறை இருந்தது. பாறைக்கு அடியிலிருந்து தார் வழிந்துகொண்டிருந்தது. ஓடிலாவின் ஒரு செருப்பு வெளியே கிடந்தது. அவன் ஒரு கணம் நின்றான். பிறகு, கையில் மனு இருந்ததால், சங்கத்துக்கு ஓடினான்.

லினெத் மனுவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இது என்ன நெறம்?"

"ரத்தம்!"

"நெறம் கேட்டேன்."

"சிவப்பு."

"சிவப்பு மை நிராகரிப்புக்கு" என்றாள் அவள். சிரிப்பு மாறவில்லை, ஆனால் ஓரத்தில் நடுங்கியது. "மூணாந்தர வீரர் உங்க மனுவ நிராகரிச்சிருக்கார். சிவப்பு மை செல்லாது. நீங்க மேல்முறையீடு பண்ணலாம். அவர்கிட்டயே."

"அவன் செத்துட்டான்!"

"அப்ப கொஞ்சம் தாமதமாகும்."

அப்போது மதிய மணி அடித்தது. அதோடு சேர்ந்து வடக்கு வாசல் உடைந்த சத்தமும் கேட்டது. தமோத்சு வெளியே ஓடினான். மதில் மேல் அப்போது உயிரோடு யாருமில்லை. பிழைத்தவர்கள் எல்லோரும் சதுக்கத்துக்கு இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பிர்கா நின்றாள். பறிமுதல்காரர்களுக்குத் தெரியாமல் வைக்கோலில் ஒளித்து வைத்திருந்த ஒரே வெட்டுக்கத்தியால் ஒரு பூதத்தின் கணுக்கால் நரம்பை அறுத்துச் சாய்த்துவிட்டாள். அது விழுந்த இடத்தில் ஒரு ரொட்டிக்கடை நொறுங்கியது. அடுத்த பூதம் குனிந்து அவளுடைய வலது கையைப் பிடித்தது. கோழியின் இறகைப் பிடுங்குவதுபோலத் தோளோடு பிடுங்கியது. பிர்கா அலறவில்லை. கத்தி அந்தக் கையோடு போய்விட்டதைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு மண்டிபோட்டு விழுந்தாள்.

தமோத்சு அரக்கை உடைத்தான்.

"எல்லாரும் படுங்க!"

அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள்கூடப் படுத்தார்கள். பூதங்களை எண்ணி வருவதற்காக மேல்மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த சங்கத்துத் துணைத் தலைவர் மட்டும் படுக்கவில்லை. கையில் எழுதுபலகையும் எழுதுகோலுமாகச் சதுக்கத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றார்.

"யாரைப் பார்த்துப் படுங்கற? நீ எந்தத் தரம்?"

"ஐயா, படுங்க! கெஞ்சிக் கேக்கறேன், படுங்க!"

"ஏழாந்தரத்தான் சொல்லி நான் படுக்கறதா!"

குனிந்திருந்த பூதம் பிர்காவை நோக்கி வாயைத் திறந்தது. தமோத்சு வீசினான்.

முதல் வீச்சு ஆள் இடுப்பு உயரத்தில் போயிற்று. சதுக்கத்துக்குள் வந்திருந்த இருபது பூதங்களுக்கும், வாசலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த மீதிக்கும் முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல் போயிற்று. அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தபோது ஊரே அதிர்ந்தது. துணைத் தலைவரின் மேல்பாதி பலகையைப் பிடித்தபடியே பின்னால் விழுந்தது. கீழ்ப்பாதி இன்னும் நின்றுகொண்டிருந்தது.  தமோத்சு இரண்டாவது வீச்சை, விழுந்து கிடந்த கழுத்துகளின் மேல் போட்டான். நாற்பத்திரண்டு தலைகள் தெருவில் உருண்டன. வடக்குத் தெரு முழங்கால் ஆழத்துக்கு ரத்தமாக ஓடியது. உடைந்த வாசலுக்கு அப்பால் மலையில் புதிதாக ஒரு கணவாய் உண்டாகியிருந்தது.

எல்லாம் முடிய, ஒருவன் இரண்டு முறை மூச்சு விடும் நேரம்தான் ஆயிற்று.

உறையில் தொங்கிய சங்கத்துக் கயிற்றால் பிர்காவின் தோளை இறுக்கிக் கட்டினான். அவள் வெளிறிப்போன முகத்தோடு அவனையே பார்த்தாள். "இவ்வளவுதானாடா?" என்றாள். "இவ்வளவு சுலபமாடா தம்பி?"

அவன் முடிச்சை இன்னும் இறுக்கினான்.

முதல் மணிக்கும் மதிய மணிக்கும் நடுவில் செத்தவர்கள் முப்பத்தொரு பேர்.

சங்கம் மூன்று நாளில் அறிக்கை வெளியிட்டது. பூதங்களைக் கொன்றது ரூதர். விழுங்கப்பட்டபின் உள்ளேயிருந்தே போராடி ஒரு பூதத்தை வீழ்த்தினார், அந்த அதிர்ச்சியில் மற்ற நாற்பத்தொன்றும் உயிரிழந்தன. துணைத் தலைவர் தரத்துக்கேற்ப நின்றபடி உயிர் நீத்தார். தமோத்சுவுக்குத் தண்டனை கிடையாது. தண்டிப்பதென்றால் அவன் எதையோ செய்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவனைச் சும்மா விடவும் அவர்களுக்கு மனமில்லை.

முப்பத்தொரு குழிகளையும் துணைத் தலைவரின் குழியையும் மூடிய அன்று, இடுகாட்டிலேயே, எல்லோர் முன்னாலும் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஹெல்முண்ட் துக்கத்துக்கென்று தைத்த புதுக் கண்மறைப்போடு வந்திருந்தார்.

"இந்த ஊர் அழியற நிலைமைக்கு வந்துச்சு" என்றார். "அப்பவும் ஒருத்தன் தன் தரம் என்னன்னு மறக்கல. கண்ணு முன்னால ஆளுங்க செத்து விழறாங்க. கையில வாள் இருக்கு. ஆனாலும் வரிசையில நின்னான். ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவயும் பணிவாக் கேட்டான். வாள் யாருகிட்ட வேணும்னாலும் இருக்கும் மக்களே. இந்தப் பொறுமை யாருகிட்ட இருக்கும்? நாம பூதத்த ஜெயிக்கறதுக்காக இருக்கற சங்கம் இல்ல. பூதம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். நாம இருக்கணும்!"

லினெத் ஒரு வெள்ளிப் பதக்கத்தைத் தமோத்சுவின் சட்டையில் குத்தினாள். 'பொறுத்தான்' என்று அதில் எழுதியிருந்தது.

கூட்டத்திலிருந்து யாரும் கை தட்டவில்லை. ஒரு ஆள் மட்டும் கம்பை ஊன்றி நொண்டி நொண்டி முன்னால் வந்தான். ஓடிலாவின் புருஷன். பதக்கத்தைக் குனிந்து பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?"

"மதிய மணி வரைக்கும்" என்றான் தமோத்சு.

"ம். அவ அதுக்குக் கொஞ்சம் முன்னால போயிட்டா." அவன் கோபமாகச் சொல்லவில்லை. ரயில் தவறியதைச் சொல்வதுபோல இருந்தது தமோத்சுவுக்கு. அந்த ஆள் தன்னை அடித்திருக்கலாம் என்று நினைத்தான். ஆள் அடிக்காமல் திரும்பி நடந்தான்.

தமோத்சு இடிந்த வடக்கு மதிலில் போய் உட்கார்ந்தான். வாளை உறையில் போடாமல் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான். பகலெல்லாம் அங்கேயே இருந்தான். அடுத்த நாளும் இருந்தான். பிர்கா மயக்கம் தெளிந்து நடக்க ஆரம்பித்ததும் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையால் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவனிடம் நீட்டினாள்.

"சங்கத்துக்காரனுங்க கொன்னானுங்க. நீயும் கொன்ன" என்றாள். "ரெண்டும் நெசம். தின்னு."

அவன் தின்றான். 

சாயங்கால வெயிலில் லினெத் மதில் ஏறி வந்தாள். கையில் காகிதக் கட்டு. ஏறி வந்த மூச்சிரைப்பிலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உறையில்லாத வாளோட பொது எடத்துல உக்காந்ததுக்கு ஒரு அறிவிப்பு குடுக்கணும்."

"வெச்சுட்டுப் போங்க."

"நீங்க கயித்த மறுபடி கட்டிக்கணும்."

"கட்டமாட்டேன்" என்றான் தமோத்சு. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மேசைக்காரரிடம் மாட்டேன் என்று சொன்னான்.  "மறுபடி எது வந்தாலும் நான் முதல்ல வெட்டுவேன். வெட்டிட்டு வந்து நீங்க கேக்கறதெல்லாம் எழுதித் தர்றேன்."

"ஓ, அப்படியா!" லினெத்தின் முகம் மலர்ந்தது. கட்டைப் புரட்டி, அடியிலிருந்து பழுப்பேறிய ஒரு காகிதத்தை உருவி நீட்டினாள். "அப்ப இந்த ஃபாரம்தான் உங்களுக்கு. ஆபத்து நேரத்துல எந்தத் தரத்துக்காரரும் முதல்ல வெட்டிக்கலாம், ஏழு நாளுக்குள்ள எழுதிக் குடுத்தாப் போதும். கைநாட்டுகூட வேண்டாம்."

தமோத்சு அதை வாங்கிப் பார்த்தான். எழுத்துகள் கண்ணுக்குள் நிற்கவில்லை.

"இது... எப்ப வந்துச்சு?"

"சங்கம் ஆரம்பிச்ச நாள்லேருந்தே இருக்கு. இருநூறு வருஷமா."

"அன்னிக்கு... அன்னிக்குக் காலையில ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றாள் லினெத். "கேக்காத ஃபாரத்த நாங்களா எடுத்துக் குடுக்கக் கூடாது."

 பிர்கா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, போன கையிலிருந்து மீட்டு இடுப்பில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவினாள். அதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இடது கையால் கத்தி வீசி அவளுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் லினெத் இன்றைக்கும் அந்த மேசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.